350 என்று விற்ற 305: பெயின்ட்டைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

ஹாட் ராட் (பழைய காரை மாற்றிக் கட்டும் வேகக் கார்) கட்ட நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கிய என்ஜின் இது. "ஷெவி 350, முழுசா ரீபில்ட் பண்ணினது, நாலு போல்ட் மெயின்" என்று சொல்லி விற்றார்கள். 350, 305 என்பவை என்ஜினின் கன அங்குலக் கொள்ளளவு. நாலு போல்ட் மெயின் என்றால் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் கேப்புக்கு நாலு போல்ட். ரீபில்ட் என்றால் முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தது. பளபளவென்று ஆரஞ்சு பெயின்ட், புது வால்வ் கவர். சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டைக் கழற்றி வெர்னியர் வைத்தால் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 94.9 மி.மீ. 350 என்றால் 101.6 இருக்க வேண்டும். வந்தது 305.

வெளியிலிருந்து இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மவுன்ட், இன்டேக், கியர்பாக்ஸ் சேரும் பெல்ஹவுசிங் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். பிளக் துளை வழியாகக் கம்பி விட்டு ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) அளந்தாலும் பயனில்லை, இரண்டுக்கும் 3.48 அங்குலம்தான். மாறுவது போர் மட்டும்.

பிளாக்கை வார்க்கும்போதே பதியும் காஸ்டிங் நம்பர்தான் முதல் சோதனை. இடது ஹெட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பின் மேல் வார்த்திருக்கும். 14010207 என்றால் 350. 14010201 என்றால் 305. விற்றவர் அனுப்பிய போட்டோவில் அந்த நம்பர் இருக்கத்தான் செய்தது. ஆனால் பெயின்ட் தடிமனாக ஏறியதில் கடைசி எழுத்து 1-ஆ 7-ஆ என்றே புரியவில்லை. வயர் பிரஷ் கையோடு கொண்டுபோய்ச் சுரண்டிப் பாருங்கள். சுரண்ட விடமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ரீபில்ட் என்றதும் பொய். சிலிண்டரின் மேல் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் வரப்பு தட்டியது. போர் அடித்திருந்தால், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால், அது இருக்காது. சுவரைத் தீட்டும்போது விழும் குறுக்குக் கோடு, அதாவது ஹோனிங் அடையாளம், எங்குமில்லை. ஆயில் பேனைக் கழற்றினால் மெயின் கேப்புக்கு இரண்டு போல்ட்தான், பேரிங்கில் செம்பு தெரிகிற அளவு தேய்மானம். கழுவிப் பெயின்ட் அடித்து கேஸ்கெட் மாற்றியதைத்தான் ரீபில்ட் என்று விற்றிருக்கிறார்கள்.

போர் அடித்து 350 ஆக்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: முடியாது. வழக்கமாக 0.030, மிஞ்சினால் 0.060 அங்குலம் வரை போகலாம். இங்கே 0.264 அங்குலம் தேவை, சுவர் தாங்காது. ஆளுக்கொன்றாக வாங்கி வைத்திருந்த சாமான்களில் 350 பிஸ்டன் செட் வீண். 2.02 அங்குல இன்டேக் வால்வுள்ள ஹெட்டும் உதவாது, சின்ன போரில் வால்வு சிலிண்டர் சுவரில் இடிக்கும் அபாயம் உண்டு. சேஸிஸில் வெல்டு செய்த என்ஜின் மவுன்ட் மட்டும் தப்பியது.

இதில் நண்பர்கள் தரப்புத் தவறும் உண்டு. போட்டோ பார்த்தவர் ஒருவர், பணம் அனுப்பியவர் இன்னொருவர், டிரெய்லரில் ஏற்றி வந்தவர் மூன்றாமவர். அவர் பார்த்திருப்பார் என்று இவர், இவர் பார்த்திருப்பார் என்று அவர். பரிசோதனைக்கு ஒரே ஆளைப் பொறுப்பாக்குங்கள். அவர் நேரில் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை யாரும் ஒரு பைசா அனுப்பக்கூடாது.

ஒரு பக்க ஹெட்டையாவது கழற்றிப் பார்ப்பது உத்தமம். பக்கத்துக்கு 17 போல்ட். அந்தத் துளைகள் கூலன்ட் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் திறப்பதால் திரும்பப் பூட்டும்போது மரையில் சீலன்ட் கட்டாயம். இல்லாவிட்டால் கூலன்ட் மரை வழியே கசியும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் 65 அடி-பவுண்ட் வரை முறுக்க வேண்டும். புது ஹெட் கேஸ்கெட் நாங்களே தருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் பிளக் துளையில் போர்ஸ்கோப் (குழாய் முனையில் சின்ன கேமரா) விட்டுப் பாருங்கள். 0.030 ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் பெரும்பாலும் தலையில் 030 அல்லது 30 என்று குத்தியிருக்கும்.

விற்றவரிடம் கேட்டதற்கு, "பார்த்துத்தானே எடுத்துட்டுப் போனீங்க" என்ற பதில்தான் வந்தது. ரசீதில் "என்ஜின் ஒன்று" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. காஸ்டிங் நம்பர், போர் அளவு, கிராங்க் எவ்வளவு கிரைண்ட் செய்தது, வேலை செய்த மெஷின் ஷாப்பின் பில் நகல், இவ்வளவும் ரசீதோடு வரட்டும்.