பழைய லேப்டாப்புக்கு ராமா, எஸ்எஸ்டியா?

2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் மதுரைப் பக்கம் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன; ஓடுகின்றன என்பதைவிட ஊர்கின்றன எனலாம். காசை எதில் போடுவது: திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகமான ராமிலா, ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியிலா?

முதலில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரை (எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது எனக் காட்டும் திரை) திறந்து, வழக்கமான வேலையைச் செய்தபடி பாருங்கள். மெமரி 85 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ராம் பற்றாக்குறை. மெமரி மிச்சமிருந்தும் டிஸ்க் 100-இல் நின்றால் ஹார்டு டிஸ்க்தான் குற்றவாளி.

வேகம்: ராம் கூட்டினால் பிரவுசரில் பத்து டேப் திறந்தாலும் திணறாது, ஆன் ஆகும் நேரம் பெரிதாகக் குறையாது. எஸ்எஸ்டி போட்டால் நிமிடக்கணக்கு நொடிக்கணக்காகும்.

பொருத்துவது: ராமைச் சாய்வாகச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் 'டிக்' என விழும்வரை அழுத்தினால் போதும். எஸ்எஸ்டிக்கு விண்டோஸை குளோன் செய்யவோ (பழைய டிஸ்கிலிருந்து அப்படியே நகலெடுப்பது) புதிதாக ஏற்றவோ வேண்டும்.

சிக்கல்: டவுன்ஹால் ரோட்டில் வாங்கப் போகும்போது பழைய ராம் ஸ்டிக்கைக் கழற்றி எடுத்துப் போங்கள். ராமில் தலைமுறைகள் உண்டு: டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையாது. 1.35 வோல்ட் கேட்கும் போர்டில் 1.5 வோல்ட் ஸ்டிக் போட்டால் திரையே வராமல் போகலாம். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் ராம் போடுவது வீண். எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிச் சாகும், பேக்கப் கட்டாயம்.

2 ஜிபி மெஷினுக்கு முதலில் ராம். 4 ஜிபி இருந்தால், யோசிக்காமல் எஸ்எஸ்டி.