கையால் தைத்த ஃபிராக்கைப் படமெடுக்க: கேனான் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ்

இந்த லென்ஸைப் பற்றி இணையத்தில் ஏகப்பட்ட வீடியோக்கள் இருக்கின்றன, ஆனால் நான் தேடியவரை எல்லாமே கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்கானவை. பின்னணி எவ்வளவு மங்குகிறது என்பதுதான் அங்கே பேச்சு. நான் படிப்பது ஃபேஷன் டிசைன், வீட்டில் மெஷின் போட்டு ஃபிராக்கும் கவுனும் தைத்து விற்கிறேன், எனக்கு வேண்டியது வேறு. இடுப்புத் தையல் எங்கே உட்கார்ந்திருக்கிறது, பக்கத் தையலில் கட்டமும் கட்டமும் சேர்ந்திருக்கிறதா, ஹெம்மிங் கையால் போட்டதா, காஜா எப்படி வந்திருக்கிறது, இதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும். கையால் செய்த உடைக்கு ரெடிமேடை விட அதிக விலை கேட்கிறோம், அந்த விலைக்கு ஆதாரம் வாங்குபவர் பார்க்கும் படம் மட்டும்தான், துணியை அவர் தொட்டுப் பார்க்க முடியாது. அந்த வேலைக்கு இந்த லென்ஸ் மிக நன்றாக உதவுகிறது, என் மதிப்பீடு அதுதான். எங்கே உதவாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. 2015இல் வந்த லென்ஸ், 1990இலிருந்து விற்றுவந்த பழைய 50 எம்எம் எஃப் 1.8க்கு மாற்றாக. பெயரில் உள்ள எஸ்டிஎம் இதன் ஃபோகஸ் மோட்டாரின் வகை. பழையதில் கேமராவோடு சேரும் வளையம் பிளாஸ்டிக், இதில் உலோகம். எடை 160 கிராம்தான். பழையது 45 சென்டிமீட்டர் வரைதான் கிட்டே போகும், இது 35 சென்டிமீட்டர் வரை போகும். கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், தையலைப் படமெடுக்கிறவர்களுக்கு இந்தப் பத்து சென்டிமீட்டர் பெரிய வித்தியாசம். நான் இதை மாட்டியிருப்பது கேனான் 1500டியில். அது படத்தைப் பதியும் சென்சார் சின்னதாக உள்ள கேமரா, அதனால் இந்த 50 எம்எம், பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 80 எம்எம் காட்டும் அளவுதான் காட்டும். எம்எம் எண் கூடக் கூட, அதே தூரத்திலிருந்து படத்தில் வரும் பரப்பு குறையும். கீழே சொல்லும் தூரக் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

சரி, ஃபோன் இருக்கும்போது எதற்கு இது? ஃபோனின் முக்கிய கேமரா அகலக் கோணம், பெரும்பாலும் 24 முதல் 26 எம்எம் கணக்கு. ஆளை முழுதாக எடுக்க ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றாலே போதும், அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. கண் உயரத்தில் ஃபோனைப் பிடித்து எடுத்தால் மார்புப் பகுதி ஒன்றரை மீட்டரில் இருக்கும், பாதம் இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். மேலே பெரிதாக, கீழே சின்னதாக வந்துவிடும். நான் பாடி 14 அங்குலம், பாவாடைப் பகுதி 32 அங்குலம் என்று பேப்பரில் வரைந்து, வெட்டி, தைத்த விகிதம் படத்தில் வேறு விகிதமாக மாறிவிடும். உயர்ந்த இடுப்பு வைத்த ஃபிராக்கில் இந்த விகிதம்தானே டிசைனே! 50 எம்எம் போட்டால் முழு ஆளை எடுக்க ஏறக்குறைய நாலேகால் மீட்டர், அதாவது 14 அடி தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் தலைக்கும் பாதத்துக்கும் கேமராவிலிருந்து உள்ள தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் இன்னும் சரியாகிவிடும். உண்மையில் விகிதத்தைத் தீர்மானிப்பது தூரம், லென்ஸ் இல்லை. ஃபோனிலேயே இரண்டு மடங்கு ஜூம் வைத்துப் பின்னால் போனால் பாதி வேலை முடியும், லென்ஸ் வாங்க முடியாதவர்கள் தாராளமாக அதைச் செய்யலாம்.

இந்த 14 அடிதான் இந்த லென்ஸின் முதல் கஷ்டம். உடையைப் போட்டு நிற்பவருக்குப் பின்னால் நாலடி விட்டுத் திரை, கேமராவுக்குப் பின்னால் நான் நிற்க இடம், ஆக 20 அடி நீளம் வேண்டும். மதுரையில் எங்கள் வீட்டு எந்த அறையும் அவ்வளவு நீளம் கிடையாது. மொட்டை மாடிதான் என் ஸ்டுடியோ. படிக்கட்டு அறைச் சுவரில் வெளுத்த சாம்பல் நிறக் காடாத் துணியை விரித்துக் கட்டி, சுவரின் நிழலுக்குள் சித்தி மகளை நிறுத்தி எடுக்கிறேன். திருமலை நாயக்கர் மகாலில் போய் எடுக்கலாமே என்று பலர் சொல்வார்கள். அந்தத் தூண்கள் அழகுதான், ஆனால் அவற்றின் முன்னால் எந்த உடையும் தோற்றுவிடும், பார்க்கிறவர் கண் மேலே வளைவுகளுக்குப் போய்விடும்.

சாதாரணத் துணித் திரையில் எனக்கு நம்பிக்கை வந்தது அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் எடுத்த படங்களைப் பார்த்துத்தான். 1950இல் வோக் ஃபேஷன் இதழுக்காகப் பாரிஸில் உயர்ரக உடைகளைப் படமெடுத்தபோது, ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், வடக்கு வெளிச்சத்தில், பழைய நாடகத் திரை ஒன்றைப் பின்னால் தொங்கவிட்டு எடுத்தார். மாடல் லிசா ஃபான்சாக்ரிவ்ஸ் அணிந்த அந்த உடைகளில் கையுறையின் சுருக்கம், கைப்பகுதியின் வெட்டு, துணியின் கனம் எல்லாம் தெரிகிறது. பின்னால் மாளிகை எதுவும் இல்லை. அந்தத் திரையை அவர் கடைசிவரை வைத்திருந்தார்.

ஆனால் அந்த வடக்கு வெளிச்ச விதியை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மதுரை பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரிதான் வடக்கே. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது, வடக்குச் சுவர் ஓரத்தில் அந்த மாதங்களில் நேர் வெயில் விழும். புத்தகங்களிலும் வகுப்பிலும் வடக்கு ஜன்னல் என்று சொல்வது பாரிஸுக்கும் லண்டனுக்கும் சரி. இங்கே சித்திரையில் காலையில் மேற்குச் சுவர் நிழல், சாயங்காலம் கிழக்குச் சுவர் நிழல், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டை. அது போதும், மின்விளக்கு வேண்டாம்.

எஃப் எண் என்பது லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதன் கணக்கு, எண் சின்னதானால் துளை பெரிது, தெளிவாக வரும் ஆழம் குறைவு. இந்த லென்ஸின் பெயரிலேயே எஃப் 1.8 இருப்பதால் எல்லோரும் அதிலேயே வைத்து எடுக்கிறார்கள். உடைக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முழு ஆள் படத்துக்கு நாலேகால் மீட்டரில் எஃப் 1.8 வைத்தால் அரை மீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும், பரவாயில்லை. ஆனால் காலரையோ யோக்கையோ (தோள் பகுதியில் தனியாக வெட்டிச் சேர்க்கும் துண்டு) எடுக்க ஒரு மீட்டருக்கு வந்தால் தெளிவாக இருக்கும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. காலரின் முனை தெளிவாக இருக்கும், கழுத்தைச் சுற்றிப் போட்ட பைப்பிங் (ஓரத்தில் வைக்கும் மெல்லிய உருண்டைக் கரை) மங்கிவிடும். அந்தப் பைப்பிங்குக்குத்தான் நான் துணியைக் கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டி, நூல் உள்ளே வைத்து, ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்திருப்பேன். எஃப் 5.6 வைத்தால் அதே தூரத்தில் எட்டு சென்டிமீட்டர் கிடைக்கும், இந்த லென்ஸ் மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறக்குறைய அங்கேதான். இன்னொன்று, எஃப் 1.8இல் ஜரிகை மேல் வெளிச்சம் பட்டு மின்னும் இடத்தில் ஊதா நிற ஓரம் வரும், எஃப் 4 தாண்டினால் பெரும்பாலும் போய்விடும். ஜரிகை பார்டர் வைத்துத் தைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுங்கடிதான் எனக்குத் துணி மேல் பைத்தியம் பிடிக்க வைத்தது, அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். மதுரையில் சௌராஷ்டிரப் பெண்கள் துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுவார்கள், சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சைப் பிரித்தால் கட்டிய இடமெல்லாம் புள்ளி. இப்போது விளக்குத்தூண் பக்கம் கடைகளில் சுங்கடி என்று கேட்டால் எடுத்துப் போடுவதில் நிறைய அச்சடித்தவை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது புள்ளியின் ஒழுங்கின்மைதான். கட்டியதில் எந்தப் புள்ளியும் அடுத்ததைப் போல இருக்காது, ஓரம் லேசாகக் கசிந்திருக்கும், முடிச்சு இருந்த இடம் துணியில் குட்டி முனையாக எழும்பி நிற்கும். அச்சில் எல்லாம் தட்டை. இந்த லென்ஸை 35 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோய்ப் பிடித்தால் ஃபிரேமின் அகலத்தில் பத்து சென்டிமீட்டர் துணி வரும். அதில் ஒவ்வொரு புள்ளியின் எழும்பலும் தெரியும், ஒரு நிபந்தனையோடு: வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து துணியை உரசிக்கொண்டு வர வேண்டும். நேர் எதிரே வெளிச்சம் இருந்தால் கட்டியதும் அச்சும் ஒன்றுபோலத் தெரியும். கஞ்சி போட்டு அழுத்தி இஸ்திரி போடுவதற்கு முன்பே இந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும், பிறகு அந்த முனைகள் படிந்துவிடும். "அக்கா, இது நிஜமாவே கட்டுனதா, பிரிண்டா?" என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் பதில் எழுதுவதில்லை, இந்தக் கிட்டப் படத்தை அனுப்புகிறேன்.

அதைவிடக் கிட்டே போக முடியாது என்பது குறைதான். எம்பிராய்டரி நூலின் ஒவ்வொரு இழையும் வேண்டும் என்றால் மிகக் கிட்டே போய் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டும், அது வேறு விலை.

கண்டாங்கித் துணியில் ஃபிராக் தைத்தபோது இன்னொரு நன்மை புரிந்தது. காரைக்குடிப் பக்கத்துக் கெட்டிப் பருத்தி, 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது, அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும் கலந்த பெரிய கட்டங்கள். இந்தத் துணியை வெட்டும்போது முன்பக்கத் துண்டின் கட்டத்தையும் பின்பக்கத் துண்டின் கட்டத்தையும் பக்கத் தையலில் ஒரே கோட்டில் சேர்க்க வேண்டும், அதற்காக அரை மீட்டர் துணி கூடுதலாகப் போகும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 18இல் வைத்து எடுத்தால் ஓரத்துக் கோடுகள் வெளிப்பக்கம் வளையும், கட்டம் சேராத மாதிரி தெரியும். 50 எம்எம்மில் கோடு கோடாகவே நிற்கிறது. மெல்லிய நெருக்கமான கோடுகள் உள்ள துணியில் மட்டும் திரையில் அலை அலையாக ஒரு பொய்யான வடிவம் வரும், நெசவின் நெருக்கமும் சென்சாரின் புள்ளி நெருக்கமும் மோதுவதால் வருவது. ஓரடி முன்னே பின்னே நகர்ந்து எடுத்தால் போய்விடும்.

படம் ஆதாரம் என்ற எண்ணம் எனக்கு வந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். துணியைக் கிராஸாக, 45 டிகிரியில் வெட்டித் தொங்கவிடும் முறையைப் பெரிய கலையாக ஆக்கிய மாத்லென் வியோனே என்ற பெண் டிசைனர், 1912இல் பாரிஸில் கடை தொடங்கியவர், சின்ன மரப் பொம்மை மேல் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் உடை வடிவமைத்தார். அவர் உடைகளை மற்றவர்கள் காப்பி அடித்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் ஒவ்வொரு உடையையும் முன்னால், பின்னால், பக்கவாட்டில் எல்லாம் தெரியும்படி கண்ணாடிகள் வைத்துப் படமெடுத்து ஆல்பமாகச் சேர்த்தார், லேபிளில் தன் கையெழுத்தோடு கட்டைவிரல் ரேகையும் பதித்தார். அந்த ஆல்பங்களை 1952இல் பாரிஸில் ஆடைச் சேகரிப்புக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் படங்களில் யாரும் போஸ் கொடுக்கவில்லை, மாடல் சும்மா நிற்கிறாள், ஆனால் வெட்டு முழுதாகப் புரிகிறது. அதைப் பார்த்த பிறகு நான் எந்த உடையையும் முன்பக்கம் மட்டும் எடுப்பதில்லை. பின் ஜிப், பக்கத் தையல், அப்புறம் உடையை உள்பக்கம் வெளியே திருப்பி லைனிங்கும், துணி ஓரம் பிரியாமல் போடும் ஓவர்லாக்கும் தெரிய ஒரு படம். உள்பக்கப் படம் போட்டதிலிருந்து விலை ஏன் இவ்வளவு என்ற கேள்வி குறைந்திருக்கிறது.

புது மண்டபத்துத் தையல்காரர்களிடமும் இதைத்தான் சின்ன வயதிலிருந்து பார்த்தேன். மீனாட்சி அம்மன் கோவிலுக்கு எதிரே கல் தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பார்கள் (இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்). அத்தை அங்கே போனால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார்.

அம்பர்லா கட் கவுன் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டமாக வெட்டுவதால் சில இடங்கள் கிராஸில் வந்து தொங்கித் தொங்கி இறங்கும், ஓர் இரவு மாட்டிவைத்துவிட்டு ஓரத்தைச் சமன் செய்த பிறகே படமெடுங்கள், கோணலான ஓரத்தை இந்த லென்ஸ் அப்படியே காட்டிக்கொடுக்கும். சுற்றச் சொல்லி எடுக்க ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்காவது வேண்டும். ஓடும் உருவத்தைத் துரத்துவதில் இதன் ஃபோகஸ் மோட்டார் வேகமானது இல்லை, ஆள் நிற்கும் இடத்தில் முன்பே ஃபோகஸ் வைத்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றச் சொன்னால் சரியாக வரும். வெற்றுக் கறுப்புத் துணியிலும் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும், பொத்தான் மேலோ தையல் கோட்டிலோ நடுப் புள்ளியை வைத்தால் பிடித்துக்கொள்ளும். லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி கிடையாது, மழைக்காலத்தில் வீட்டுக்குள் எடுப்பதென்றால் ஸ்டாண்டு வேண்டும். டியூப்லைட்டில் எடுப்பதானால் ஷட்டரை 100இல் ஒரு பங்கு அல்லது 50இல் ஒரு பங்கில் வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கின் வெளிச்சம் நொடிக்கு நூறு முறை கூடிக் குறையும், வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை விழும்.

யார் வாங்கலாம்? கேனான் டிஎஸ்எல்ஆர் ஏற்கெனவே கையில் இருந்து, 20 அடி இடமும் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம், கேனான் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் இது ஒன்று. சின்ன அறையில் மட்டும்தான் எடுக்க முடியும் என்றால் வேண்டாம், அரை உடம்புக்கு மேல் வராது. கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) ஆர் வரிசை கேமரா வைத்திருப்பவர்கள் அதற்கென்றே 2020இல் வந்த ஆர்எஃப் 50 எம்எம்மைப் பாருங்கள், அது 30 சென்டிமீட்டர் வரை போகும், சுங்கடிக்கு இன்னும் நல்லது. பழையதாக வாங்குவதானால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை வலை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி வெளியே நீளும், பையில் போடுமுன் அதை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், நீட்டியபடியே இடிபட்டால் மோட்டார் போய்விடும். வெயில் மறைக்கும் ஹூட் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும், மாடியில் எடுக்கிறவர்களுக்கு அது கட்டாயம்.