மூன்றாவது அலை வரைக்கும் அருமை: ஒரு ஃப்ரீஸ்பேஸ் 2 ரசிகர் மிஷனுடன் நீண்ட நாள்

ஃப்ரீஸ்பேஸ் 2 என்ற விண்வெளிப் போர் கேமுக்கு ரசிகர் ஒருவர் செய்த எஸ்கார்ட் மிஷன் (கப்பல்களைக் காத்துக் கூட்டிப்போகும் ஆட்டம்) ஒன்றை நான் விடாமல் ஆடி வருவது நண்பருக்குத் தெரியும். அதற்குப் புதுப் பதிப்பு வந்ததும் கேட்டார்: "இப்பவாவது இறக்கலாமா, இல்ல இன்னும் அதே கதைதானா?" ஆமாம், இல்லை என்று பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேமைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1999-இல் வந்தது. மிஷன் எழுதும் ஃப்ரெட் கருவியையும் கூடவே கொடுத்தார்கள். 2002-இல் மூல நிரல் வெளியானது. அன்றிலிருந்து எஞ்சினை ரசிகர்களே வளர்த்து வருகிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் புது மிஷன்கள் வருகின்றன என்றால் காரணம் இந்த இரண்டும்தான்.

இந்த மிஷனில் மூன்று சரக்குக் கப்பல்களும் ஒரு மருத்துவக் கப்பலும் ஜம்ப் நோடு (வேறு நட்சத்திர மண்டலத்துக்குத் தாவும் இடம்) வரை போய்ச் சேர வேண்டும். துணைக்கு லெவியாதன் ரகத்தில் ஒரு பழைய குரூசர் (சிறிய போர்க்கப்பல்), அப்புறம் நாம். துரத்தி வருவது ஷிவன்கள், இந்த கேமின் வேற்றுக்கிரக எதிரிகள். கேட்டால் நூறு மிஷன்களில் பார்த்த கதை போலத்தான் இருக்கும். ஆனால் இதைச் செய்தவர் ஒரு சின்ன விஷயத்தை மாற்றியிருக்கிறார். கூட்டத்திலேயே மெதுவான சரக்குக் கப்பலின் வேகம்தான் மொத்தக் கூட்டத்துக்கும் வேகம். ஷிவன் பாம்பர்கள் (குண்டு போடும் சிறு கலங்கள்) அதன் எஞ்சினைத்தான் குறிவைக்கின்றன. எஞ்சின் அடிபட அடிபட எல்லாக் கப்பல்களும் அதற்காக வேகத்தைக் குறைக்கின்றன, நோடு எட்டாமலே நிற்கிறது. அந்தக் கப்பல் அழிந்துவிட்டால்? மற்றவை உடனே வேகமெடுக்கின்றன.

இதைத் தொடக்கத்தில் வரும் பிரீஃபிங்கில் எங்கும் சொல்வதில்லை. செய்ய வேண்டியதைத் திரையில் காட்டும் டைரக்டிவ் பட்டியலிலும் இல்லை. ஆடும்போது நாமே கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடித்த பிறகு ஒவ்வொரு முறையும் அந்தக் கப்பலைப் பார்க்கும்போது மனசு உறுத்துகிறது. ஒரு கட்டத்தில் அதன் கேப்டனே "எங்களை விட்டுட்டுப் போங்க" என்று செய்தி அனுப்புகிறார். குரல் பதிவு கிடையாது, திரையில் எழுத்து மட்டும்தான். இருந்தும் அந்த வரி வரும்போது நான் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான் திரும்பிப் பறக்கிறேன். அவர்களைக் காப்பாற்றினால் முடிவில் நடந்ததைச் சொல்லும் டீபிரீஃபிங் ஒரு மாதிரி, காப்பாற்றாவிட்டால் வேறு மாதிரி. தோல்வி என்று அறிவிப்பதில்லை, இழந்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெரிய நிறுவனங்களின் கேம்களிலேயே எஸ்கார்ட் மிஷன் என்றால் வீரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். இங்கே காப்பாற்றும் கப்பல் மேல் உண்மையான அக்கறை வருகிறது. தனி ஆளாக, காசு வாங்காமல் இதைச் செய்திருக்கிறார் என்பதை மறக்கவே கூடாது.

எதிரிகள் வரும் முதல் இரண்டு அலைகளும் நேர்த்தி. ஃபைட்டர்கள் ஒரு பக்கம் நம்மை இழுக்க, மறுபக்கம் நஹேமா பாம்பர்கள் தூரத்தில் வந்து இறங்குகின்றன. இந்த கேமில் குண்டுகள் மெதுவாகப் பறப்பவை, சுட்டும் வீழ்த்தலாம். அது பறந்து வரும் நேரம்தான் காப்பவனுக்குக் கிடைக்கும் நேரம். பாம்பரை முதலில் அடிப்பதா, விட்ட குண்டை அடிப்பதா, கூடப் பறக்கும் விங்மேன்களை எதன் மேல் ஏவுவது, ட்ரெபுஷே ஏவுகணைகளை இப்போதே செலவழிப்பதா, அடுத்ததற்கு வைத்துக்கொள்வதா? எல்லாம் அந்தச் சில நொடிகளுக்குள் முடிவாக வேண்டும். எஸ்கார்ட் ஆட்டத்தின் சுவையே அதுதான்.

மூன்றாவது அலையில் அந்த நேரமே இல்லாமல் போகிறது.

கூட்டம் நோடை நெருங்கும் சமயம் பாம்பர்கள் மருத்துவக் கப்பலை ஒட்டியே வந்து குதிக்கின்றன. எச்சரிக்கைச் செய்தி கிடையாது. நாம் டார்கெட் எடுப்பதற்குள் குண்டு கிளம்பி, கப்பலைத் தொட்டும் விடுகிறது. மருத்துவக் கப்பல் போனால் மிஷன் தோல்வி. நடுவில் சேமிக்கும் வசதி இந்த கேமில் இல்லை என்பதால் தொடக்கத்திலிருந்து மறுபடி. பல மிஷன்கள் தொடராக வரும் கேம்பெய்னில் ஐந்து முறை தோற்றால் தாண்டிப் போக கேமே வழி விடும். தனி மிஷனில் அதற்கு இடமே இல்லை. இழந்ததைக்கூட மதிப்போடு சொன்ன ஒரு மிஷன் இந்த இடத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே அடியில் பிடுங்கிக்கொள்கிறது.

ஏன் இப்படி என்று ஃப்ரெட்டில் திறந்து பார்த்தேன். (மிஷன் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், சாதாரண எடிட்டரிலும் படிக்கலாம்.) அந்த அலையின் வருகை, மருத்துவக் கப்பலுக்கு 'அருகில்' என்று வைக்கப்பட்டிருக்கிறது, தூரமும் மிகக் குறைவு. அப்படி வைத்தால் எந்தத் திசையில் வந்து விழும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ஆக, ஆடி ஆடிப் பழகியவரும் முன்கூட்டியே போய்க் காத்திருக்க முடியாது. நாம் இருக்கும் பக்கம் விழுந்தால் பிழைத்தோம், மறுபக்கம் விழுந்தால் போச்சு. கடினத்தைக் குறைத்தும் பார்த்தேன். எதிரிகள் மந்தமாகிறார்கள், நம் மேல் விழும் அடி குறைகிறது. வந்து இறங்கும் தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. 'மிக எளிது' என்று தேர்ந்தெடுத்தவருக்கும் அதே கதிதான்.

செய்தவர் பக்கமும் நியாயம் உண்டு. ஷிவன்கள் சொல்லிவிட்டு வருகிறவர்கள் இல்லை. கடைசி நேர அதிர்ச்சி வேண்டும் என்று அவர் நினைத்தது எனக்குப் புரிகிறது, முதல் முறை அது வேலையும் செய்தது. ஆனால் கைக்கு வேலையே கொடுக்காத அதிர்ச்சி ஒரு முறைக்குத்தான் தாங்கும். அதுவும், வீரரின் முடிவுகளை இவ்வளவு மதிக்கும் மிஷனில் இது வருவதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. சுமாரான மிஷனாக இருந்தால் அழித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன்.

சரி, புதுப் பதிப்பு. முன்பு நோடு வாசலில் சரக்குக் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதி, சண்டையில் பிழைத்ததும் அங்கே உடைந்துபோகும். வழிப்புள்ளிகளைப் பிரித்து அதை ஒழுங்காகச் சரிசெய்திருக்கிறார். பெரிய கப்பல்களை மோதாமல் நகர்த்துவது இந்த எஞ்சினில் லேசுப்பட்ட வேலை இல்லை, அதற்கு என் நன்றி. செய்திகளில் இருந்த எழுத்துப் பிழைகளும் போய்விட்டன. ஆனால் மூன்றாவது அலை அச்சு மாறாமல் இருக்கிறது. நான் முதலில் தேடிப் போனதே அதைத்தான்.

எனவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். ரசிகர் மிஷன்களில் இவ்வளவு யோசித்துச் செய்தது அபூர்வம் என்று மேலே சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கவில்லை. இருந்தாலும், அந்த மெதுவான கப்பலைப் போராடி நோடு வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாத ஒரு நொடியில் எல்லாவற்றையும் இழந்து நிற்பதை நேற்றும் அனுபவித்துவிட்டு, இன்று உங்களை அதற்குள் அனுப்ப எனக்கு மனசில்லை. பாம்பர்களைத் தள்ளி இறக்கி, வருகிறார்கள் என்று குரூசர் கேப்டன் வாயிலாக ஒரு வரி சொல்ல வைத்தால் போதும். ஃப்ரெட்டில் சில நிமிட வேலை. என் கணினியில் நானே மாற்றிக்கொள்ளலாம்தான், செய்யவில்லை. அவருடைய மிஷன், அவர்தான் மாற்ற வேண்டும். கேட்டு எழுதியிருக்கிறேன்.