பிரான்சிஸ் லூயிஸ் வரலாறு: ஆர்டரின் பேரில் அச்சிட்ட மறுபதிப்பு

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் வேல்ஸில் பிறந்தவரான பிரான்சிஸ் லூயிஸின் வரலாறு அடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தொகுப்பொன்றை, ஆர்டர் வந்த பின்னரே அச்சிட்டு அனுப்பும் இணைய நிறுவனம் ஒன்றிடமிருந்து பாளையங்கோட்டைக்கு வரவழைத்தேன். கூரியர் சொன்ன நாளில் வந்தது, அட்டை பளபளப்பாக இருந்தது, பாராட்டத்தக்கவை இவ்வளவே.

நூலின் பொருள் கனமானது. 1713இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தமக்கு வந்த சொத்தைச் சரக்காக மாற்றிக்கொண்டு நியூயார்க்குக்குக் கப்பலேறிய லூயிஸ், பிரிட்டிஷ் படைக்குச் சீருடை வழங்கும் வணிகராக ஆஸ்வீகோ கோட்டையில் இருந்தபோது, 1756இல் பிரெஞ்சுப் படை அதைக் கைப்பற்றியதால் கைதியாகிப் பிரான்ஸ் வரை கொண்டுசெல்லப்பட்டார். 1776 ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்டார். அந்த ஆண்டிலேயே லாங் ஐலண்டில் இருந்த அவருடைய வீட்டைப் பிரிட்டிஷார் சூறையாடி, மனைவி எலிசபெத்தைச் சிறைபிடித்தனர். படுக்கையும் மாற்றுடையும் இன்றி அடைபட்டிருந்த அந்த அம்மையார், கைதிப் பரிமாற்றத்தில் விடுவிக்கப்பட்டும் உடல்நலம் தேறாமலேயே 1779இல் இறந்தார். வ.உ.சி.யின் குடும்பம் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த எங்கள் நெல்லைச் சீமைக்காரர்களால் அப்பகுதியை வேகமாகப் புரட்டிவிட முடியாது.

ஆனால், அங்கேதான் ஸ்கேன் செய்தவரின் விரல் பதிந்து ஐந்தாறு வரிகள் மறைந்துள்ளன. கையொப்பங்களின் நகலைத் தாங்கிய மடிப்புத் தாளை விரிக்காமலேயே படமெடுத்திருப்பதால், அதில் பாதிப் பேரைக் காணவில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை, பதிப்பாசிரியர் என்று ஒருவர் இல்லாதது. ஆஸ்வீகோவில் பிடிபட்ட லூயிஸ், செவ்விந்தியத் தலைவரிடம் வேல்ஷ் மொழியில் பேசி அவருடைய மனத்தைக் கவர்ந்ததாக அக்கால நூல்கள் எழுதின. வேல்ஷ் மொழிக்கும் செவ்விந்தியர் மொழிகளுக்கும் எந்த உறவும் கிடையாது என்று ஓர் அடிக்குறிப்புகூட இல்லாமல் அக்கதை அப்படியே அச்சாகியிருக்கிறது. கல்லூரி மாணவர் ஒருவர் இதை ஆதாரமாக எடுத்துக்கொண்டால் குற்றம் யாருடையது? இத்தகைய பழைய நூல்களின் படிகள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது, தாளுக்காக மட்டும் இவ்வளவு விலை கொடுப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

கட்டமைப்பும் வெறும் பசைதான்; நெல்லை வெயிலில் முதுகு விட்டுப்போய்ப் பக்கங்கள் தனித்தனியாக வந்தன. தைத்துத் தருமாறு கேட்டபோது, பைண்டிங் கடைக்காரர் புத்தகத்தை விரித்துப் பார்த்துவிட்டு, “ஓரத்துல எடமே விடலையே அண்ணாச்சி, தச்சா எழுத்துல்லா போயிரும்” என்றார்.

ஆர்டரின் பேரில் அச்சிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று நிறுவனம் எழுதியது. முறையிட்ட பிறகு வேறொரு பிரதி வந்தது. அதே கோப்பிலிருந்து அச்சிட்டது. ஆதலால் அதே பக்கத்தில் அதே விரல்.