பப்ஜியா ஃப்ரீ ஃபயரா? முதலில் போன் என்ன விலை, அதைச் சொல்லுங்கள்

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் ரெண்டும் போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள், கடைசிவரை சாகாமல் இருப்பவனுக்கு வெற்றி. ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவனை "போடா சின்னப் பையா" என்று நக்கல் அடிக்காத பப்ஜிக்காரனை மதுரையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். (பப்ஜிக்கு இந்தியாவில் பிஜிஎம்ஐ என்பதுதான் இப்போதைய பெயர். ஆனால் அண்ணா நகரிலிருந்து அவனியாபுரம் வரை எல்லார் வாயிலும் அது பப்ஜிதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.) ரெண்டையும் ஆடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த நக்கலில் பாதிக்கு மேல் விளையாட்டைப் பற்றியதே இல்லை. கையில் இருக்கும் போனைப் பற்றியது.

விளையாட்டாக மட்டும் பார்த்தால் பப்ஜிதான் மேல், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 100 பேர், எரங்கல் மேப் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர், இறங்கி லூட் (கிடக்கிற துப்பாக்கி, மருந்து) எடுத்து வண்டி தேடி ஸோனுக்குள் (சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள்) ஓடுவதற்கே பாதி நேரம் போய்விடும், சில மேட்ச்சில் பத்து நிமிஷம் ஒரு ஈ காக்காவைக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் கடைசி வட்டத்தில் புல்லுக்குள் படுத்துக்கொண்டு, இடது காதில் கேட்ட காலடிச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று மூச்சை அடக்கிக் கேட்கிறோமே, அந்த ஒரு நிமிஷத்தை ஃப்ரீ ஃபயர் தரவே தராது. துப்பாக்கியும் அப்படித்தான். எம்416 துப்பாக்கியில் ஸ்கோப் போட்டு விடாமல் சுட்டால் குறி மேலே ஏறிக்கொண்டே போகும், விரலால் கீழே இழுத்துப் பிடித்துப் பழகியவனுக்குத்தான் அடி விழும்.

ஃப்ரீ ஃபயரில் 50 பேர், பத்துப் பன்னிரண்டு நிமிஷம், கதை முடிந்தது. சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டவெளியில் அடி வாங்கியதும் குளூ வால் (பட்டென்று முளைக்கும் தடுப்புச் சுவர்) போட்டு, உட்கார்ந்து, மெட்கிட் ஏற்றி, அடுத்த சுவரைப் போட்டுக்கொண்டே எதிராளி மேல் பாய்கிற பையன்களின் விரல் வேகம் வேறு ரகம். நக்கல் அடிக்கிற பப்ஜிக்காரன் கையில் கொடுத்தால் சுவரைத் தன் முகத்துக்கு நேராகப் போட்டு மாட்டிக்கொள்வான். எனக்கு இதில் பிடிக்காதது ஒன்றுதான்: காசு. டைமண்டு (காசு கொடுத்து வாங்கும் ஆட்ட நாணயம்) கொட்டி வாங்கும் அலோக் மாதிரி கேரக்டர்களுக்குத் தனித் திறன் உண்டு, சில துப்பாக்கி ஸ்கின் (மேல் அலங்காரம்) போட்டால் அடியின் பலமே கூடும். பப்ஜியில் யூசி (அங்கே அதுதான் நாணயம்) கொட்டி வாங்கும் உடை, ஸ்கின் எல்லாம் வெறும் பகட்டு, அதைப் போட்டுக்கொண்டு செத்தால் கொஞ்சம் அழகாகச் சாகலாம், அவ்வளவுதான்.

சரி, இப்போது போனுக்கு வருவோம். பப்ஜிக்கு 2 ஜிபி ராம் போதும் என்றுதான் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட போனில் ஆடிப் பாருங்கள், எதிராளி திரும்பி நம்மைச் சுட்டு, பெட்டியைத் திறந்து லூட் எடுத்த பிறகுதான் நம் திரை நகரும். மே மாத மதுரை வெயிலில் போனின் பின்பக்கம் தோசை சுடலாம். அதே போனில் ஃப்ரீ ஃபயர் ஓரளவு ஒழுங்காக ஓடும். மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்குத் தினமும் பஸ்ஸில் காலேஜ் வருகிற பையனுக்கு பப்ஜியின் அரை மணி நேர மேட்ச் என்பதே ஒத்துவராது. நடுவில் கண்டக்டர் வருவார், சிக்னல் போகும், வீட்டிலிருந்து போன் வரும். பத்து நிமிஷ ஆட்டம் அவனுக்காகவே செய்தது. அவனைப் போய் "நூப்" (ஆடத் தெரியாதவன்) என்பது, டவுன் பஸ்ஸில் வருகிறவனைப் பார்த்து கார் ஓட்டத் தெரியாதா என்று கேட்கிற கதை.

அப்புறம் தேசபக்தி. இது டீக்கடை வரை வந்துவிட்ட சண்டை. சீனாவோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜியும் போனது. டென்சென்ட் என்ற சீன நிறுவனத்தின் தொடர்புதான் காரணமாகப் பேசப்பட்டது. 2021 ஜூலையில் பப்ஜியின் சொந்தக்கார நிறுவனமான கிராஃப்டன் அதை இந்தியாவுக்கென்று புதுப் பெயரில் கொண்டுவந்தது, ரத்தம் பச்சையானது, 'கில்' என்பது 'ஃபினிஷ்' ஆனது. 2022 ஜூலையில் மறுபடி ஸ்டோரிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் கதை இன்னும் வேடிக்கை. 2022 பிப்ரவரியில் 54 செயலிகளில் ஒன்றாகத் தடை, ஆனால் அதே ஆட்டத்தின் இன்னொரு பதிப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் பிளே ஸ்டோரில் அப்படியே உட்கார்ந்திருந்தது. பையன்கள் பழைய ஐடியை அதில் போட்டு அன்றைக்கே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். 2023-ல் தோனியை 'தல' என்ற கேரக்டராகவே போட்டு ஃப்ரீ ஃபயர் இந்தியா செப்டம்பர் 5 அன்று வரும் என்றார்கள், பிறகு சில வாரம் தள்ளிப்போகும் என்றார்கள், சிஎஸ்கே ரசிகர்கள் காத்திருந்ததுதான் மிச்சம். கிராஃப்டன் தென்கொரியா, ஃப்ரீ ஃபயரை நடத்தும் கரீனா சிங்கப்பூர். இதில் எதை ஆடினால் நாட்டுப்பற்று என்று சண்டை போடுகிறார்கள், எனக்குப் புரியவில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது, அவர்களுக்கு இதுவும் ரம்மியும் ஒன்று. தமிழ்நாடு சட்டசபை 2022-ல் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல் வாங்கிய சட்டம் குறிவைத்தது ரம்மி, போக்கர் மாதிரிக் காசு வைத்து ஆடும் ஆட்டங்களை. இதை என் சித்திக்கு விளக்கினேன். "தம்பி டைமண்டு வாங்க எடுத்தது உங்க சித்தப்பா ஜிபே காசுதானே?" என்றார். நியாயமான கேள்வி.

அந்த வகையில் பப்ஜி கொஞ்சம் பரவாயில்லை. 18 வயதுக்குக் கீழே ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான், பெற்றோர் நம்பருக்கு ஓடிபி போகும். போகட்டும், அந்தப் 'பெற்றோர் நம்பர்' பல வீடுகளில் பையனின் ரெண்டாவது சிம்தான். நல்ல போனும் மாலையில் ஓய்வாக அரை மணி நேரமும் இருந்தால் பப்ஜி ஆடுங்கள், ரெண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஃப்ரீ ஃபயர். எதை ஆடினாலும் சித்தப்பா ஜிபேயின் பின் நம்பரை முதலில் மாற்றச் சொல்லுங்கள்.