பைத்தானின் சிங்கிள்டிஸ்பாட்ச்: ஓவர்லோடிங்குக்கு நம்பலாமா?

ஒரே பெயரில் வெவ்வேறு டைப்புகளுக்கு வெவ்வேறு ஃபங்ஷன் எழுதுவதுதான் ஓவர்லோடிங். பைத்தானில் அப்படி ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் எழுதினால் பின்னது முன்னதை அழித்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. பழைய வடிவத்தில் அழைக்கும்போதுதான் டைப்எரர் வரும். டைப்பிங் மாட்யூலின் ஓவர்லோட் இதைச் சரிசெய்யும் என்று பலர் நம்புகிறார்கள். அது டைப் செக்கருக்கான (கோடை ஓட்டாமலே டைப் பிழைகளைத் தேடும் கருவி) குறிப்பு மட்டும்தான். ஓடும் நேரத்தில் உண்மையாகவே கொடுத்த மதிப்பின் டைப்பைப் பார்த்து உரிய ஃபங்ஷனுக்கு அனுப்புவது, பைத்தானோடு வரும் ஃபங்க்டூல்ஸ் மாட்யூலில் 3.4 பதிப்பிலிருந்து இருக்கும் சிங்கிள்டிஸ்பாட்ச்.

வேறு எதுவும் பொருந்தாதபோது ஓடும் அடிப்படை ஃபங்ஷனுக்கு மேல் அதை டெக்கரேட்டராகப் போட்டு, ஒவ்வொரு டைப்புக்கும் ரெஜிஸ்டர் செய்ய வேண்டும். 3.7 முதல் டைப் குறிப்பே போதும், 3.11 முதல் யூனியனும் (பல டைப்புகளில் ஏதாவது ஒன்று என்ற குறிப்பு) செல்லும். நீளமான இஃப்–எலிஃப் வரிசைக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் முதல் ஆர்க்யுமெண்டை மட்டுமே பார்க்கும். அதையும் பெயர் சொல்லி, கீவேர்டாகக் கொடுத்தால் டைப்எரர். கிளாஸுக்குள் போட்டால் செல்ஃப்தான் முதலாவது, அதனால் எல்லா அழைப்பும் அடிப்படை ஃபங்ஷனுக்கே போய்விடும். அங்கே 3.8இல் வந்த சிங்கிள்டிஸ்பாட்ச்மெத்தட்தான் வேண்டும். கிளாஸ்மெத்தடுடன் சேர்த்தால் சிங்கிள்டிஸ்பாட்ச்மெத்தட்தான் மேலே இருக்க வேண்டும். இரண்டாவது ஆர்க்யுமெண்டைப் பார்த்து முடிவெடுக்கும் வேலைக்கு இதைத் தொடவே வேண்டாம்.

நொறுங்கும் இடம் ஒன்று. உள்ளுக்குள் அடுக்கிய லிஸ்ட்டைத் தட்டையாக்க இட்டரபிளுக்கு (உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கக்கூடிய எதற்கும்) ரெஜிஸ்டர் செய்து, ஒவ்வொரு உறுப்புக்கும் அதே ஃபங்ஷனை அழைக்கிறோம் என்று வையுங்கள். உள்ளே 'அ' என்ற ஸ்ட்ரிங் வந்தால்? அதுவும் இட்டரபிள்; பிரித்தால் மறுபடி 'அ'தான். இயல்பான 1000 அழைப்பு வரம்பைத் தொட்டதும் ரிகர்ஷன்எரர். பைட்ஸ் நொறுங்காது, சத்தமில்லாமல் எண்களாகச் சிதறும். கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஸ்ட்ரிங்குக்கும் பைட்ஸுக்கும் தனித்தனியாக ரெஜிஸ்டர் செய்தால் இரண்டும் தீரும்.

பூல் (ட்ரூ, ஃபால்ஸ் மதிப்புகளின் டைப்) என்பது முழு எண்களுக்கான இன்ட்டின் வாரிசு என்பதையும் மறக்க வேண்டாம்: இன்ட்டுக்கு மட்டும் எழுதினால் ட்ரூவும் அங்கேதான் போகும். ரெஜிஸ்டர் செய்த மாட்யூலை இம்போர்ட் செய்யாவிட்டால், அந்த டைப்புக்கான ஃபங்ஷன் இருப்பதே சிங்கிள்டிஸ்பாட்ச்சுக்குத் தெரியாது; அழைப்பு அடிப்படை ஃபங்ஷனுக்குப் போய்விடும். ஆகவே அடிப்படை ஃபங்ஷனில் பொதுவான ஏதோ ஒரு விடையைத் திருப்பாமல், டைப்பின் பெயரோடு டைப்எரர் எழுப்புங்கள். எது எங்கே போகிறது என்ற சந்தேகம் வந்தால், ஃபங்ஷனின் டிஸ்பாட்ச்சுக்கு அந்த டைப்பைக் கொடுத்துப் பாருங்கள். ஓடப்போகும் ஃபங்ஷனையே காட்டிவிடும்.