20 லீற்றர் வெள்ளி மீட்புச் செல்: தொட்டியை விடுங்கள், அனோட்டைப் பார்த்து வாங்குங்கள்

தங்கம் பிரித்தபின் மிஞ்சும் நைத்திரிக் கரைசலில் கிடக்கும் வெள்ளியை மின்னோட்டம் செலுத்தி எடுக்க, நகைப் பட்டறைகளுக்கென்று விற்கிற செல் இது. பிளாஸ்டிக் தொட்டி, 50 அம்பியர் ரெக்டிஃபையர் (மெயின் கரண்டை நேரோட்டமாக மாற்றும் பெட்டி), நடுவில் வெள்ளி படியும் கறையில் உருக்குக் கதோட்டு (எதிர் முனை), இரு பக்கமும் பூச்சிட்ட டைட்டேனிய வலை அனோட்டு (நேர் முனை), சின்னப் பம்ப் ஒன்று. தொட்டியிலும் ரெக்டிஃபையரிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கவலை அந்த வலையின் மெல்லிய கறுப்புப் பூச்சில்தான்.

இந்த வேலைக்கு இரிடியம்-தந்தாலம் பூச்சு வேண்டும். அமிலத்தில் ஒட்சிசன் கிளம்பும்போது நின்றுபிடிப்பது அதுதான். விலை குறைவென்று ருதேனியப் பூச்சை மாட்டிவிட்டால் வந்தது வினை. அது உப்புத் தண்ணீரில் குளோரீன் எடுக்கிற வேலைக்கு ஆனது, இங்கே விரைவாகக் கரைந்துபோகும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. தங்கத்தின் தரத்தை எக்ஸ்றே மெஷினில் பார்க்கிற கடைக்கு வலையைக் கொண்டுபோங்கள். தங்கத்தில் கலப்படம் பிடிப்பதற்காக அநேகமான மெஷின்களில் இரிடியமும் ருதேனியமும் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும். இரிடியம் காட்டாவிட்டால் வாங்க வேண்டாம்.

விளைச்சல் நல்லது. கணக்குப்படி ஓர் அம்பியர் மணித்தியாலத்துக்கு 4.025 கிராம் வெள்ளி. 25 அம்பியரில் மணிக்கு 100 கிராம். 4 மணித்தியாலம் ஓட்டி 360 கிராம் கிடைத்தால் திறன் 90 சதவீதம். அதைவிட நன்றாகக் குறைந்தால் முதலில் அமிலத்தைப் பாருங்கள். படியும் ஒவ்வொரு கிராம் வெள்ளிக்கும் 0.58 கிராம் நைத்திரிக் அமிலம் திரும்பப் பிறக்கிறது. 800 கிராம் எடுத்தால் தொட்டியில் 467 கிராம் அமிலம் கூடியிருக்கும். அது படிந்த வெள்ளியையே தின்னத் தொடங்கும். வெள்ளி லீற்றருக்கு 10 கிராமுக்குக் கீழே இறங்கும்போது அம்பியரையும் இறக்குங்கள். இறக்காவிட்டால் செம்பும் சேர்ந்து படிந்து வெள்ளி சிவக்கும். கடைசி மிச்சத்தை வேறு வாளியில் செப்புத் தகடு போட்டு எடுப்பதே மலிவு. தொட்டிக்குள் உப்புப் போடவே கூடாது.

கிணற்றுத் தண்ணீரும் ஆகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் கிணறுகளில் சுண்ணாம்பும், கடலோரமென்றால் உப்பும் கூட. ஒரு துளி வெள்ளிக் கரைசலைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: பால்போல் வெளுத்தால் குளோரைட்டு இருக்கிறது, வெள்ளி அடியில் சேறாகப் போய்விடும். பற்றறிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர்தான் சரி.

வெள்ளி தகடாகப் படியாது, ஊசி ஊசியாக வளரும். ஊசி முனை வலையைத் தொட்ட இடத்தில் பொறி பறந்து பூச்சு எரியும். இடைவெளி 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் வைத்து, மணிக்கொரு தரம் மரச் சட்டத்தால் தட்டி விடுங்கள். அனோட்டில் ஏறுகிற கறுப்புப் படிவு வெள்ளி ஒட்சைட்டு. கம்பித் தூரிகை போட்டால் பூச்சும் கூடவே உரியும். ஐதான நைத்திரிக்கில் சில துளி ஐதரசன் பெரொட்சைட்டு விட்டு ஊறவைத்தால் நுரைத்துக் கரையும்.

வோல்ற் ஏறினால் உடனே அனோட்டைக் குறை சொல்லாதீர்கள். மீற்றரின் முனைகளை நேரே அனோட்டு, கதோட்டுக் கம்பிகளில் வைத்து அளந்து பாருங்கள். ரெக்டிஃபையர் பெட்டி 4 வோல்ற் காட்டி அங்கே 2.6 என்றால் பழுது கிளிப்பில். அமிலப் புகை பட்டுப் பச்சை பூத்திருக்கும். இரண்டும் ஏறியிருந்தால்தான் பூச்சு போனதாகச் சந்தேகிக்க வேண்டும்.

இதில் இல்லாத ஒன்று, கரண்ட் நிற்கும்போது காப்பாற்ற ஒரு டயோட்டு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு). கரண்ட் போன கணமே செல் பற்றறியாகிப் பின்னோக்கி ஓடக்கூடும். அந்த எதிர் ஓட்டம் அனோட்டுப் பூச்சை உரிக்கும், வெள்ளியும் கரையும். 60 அம்பியர் டயோட்டு ஒன்றைச் சூடு தணிக்கும் தகடு வைத்துப் பூட்டுங்கள். அதுவரை கரண்ட் போனால் கதோட்டைத் தூக்கி வெளியே வையுங்கள். முலாம் பூசுகிற சயனைட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் இந்தச் செல்லை வைக்கவே வேண்டாம். இரண்டு கரைசலும் கலந்தால் வருகிற வாயு ஆளைக் கொல்லும்.